இடதுகால் மாப்பிள்ளை

நீங்க ஃபோன்ல பேசினத நான் ஒட்டுக்கேக்கல தம்பி. ஆனா பஸ்சுல பக்கத்து சீட்டுல இருந்துக்கிட்டு காதப் பொத்திக்கிட முடியாது பாத்துக்கிடுங்க. மேனேஜர மாத்தணும், அவன் ஆள எடுத்ததே சரியில்ல, அவனாலதான் தோத்தோம்னு அரமணி நேரமா யாருகிட்டயோ சண்ட போட்டீங்க. எந்த ஊரு கிளப்பு அது? இங்கிலாந்தா? கொள்ளாம். நீங்க ராஜாக்கமங்கலம், அவன் இங்கிலாந்து, அவன் தோத்தா உங்களுக்கு இங்க சோறு இறங்கல. நான் குத்தம் சொல்லல. எனக்கும் ஒரு வருஷமா இறங்கல.

எனக்க பேரு ததேயு. புன்னைத்துறை. கடல் நட்சத்திரம் ஸ்போர்ட்ஸ் கிளப்புனு கேட்டிருக்கீங்களா? கேட்டிருக்க மாட்டீங்க. பன்னிரண்டு வருஷமா ஒரு கப்பு எடுக்காத கிளப்ப யாரு கேப்பா? நான் அதுக்கு துணைத்தலைவர். பதினாலு வருஷமா. தலைவரு துபாய்ல இருக்காரு, அதனால தலைவர் வேலையும் எனக்க தலையிலதான்.

மேனேஜர்னு சொன்னீங்கள்லா, அந்த வார்த்தையக் கேட்டாலே எனக்கு ஓக்காளம் வருது. சத்தியமா. உங்க மேனேஜரு ஆள மாத்தி எறக்கியிருப்பான், அவ்வளவுதானே? எங்க மேனேஜரு என்ன செஞ்சாருன்னு கேளுங்க.

நாளக் கழிச்சு சாம்பல் புதன். அதுக்குள்ள எனக்க மக வின்சி ஒரு லெட்டர்ல கையெழுத்து போட்டுத் தரணும். ‘நானும் எனக்க மாப்பிள்ளையும் புன்னைத்துறையில ஒரே வீட்டுல சேந்துதான் தாமசிக்கோம்’னு. அது சர்ச்சுல பங்கு ஆபீஸ்ல போய்ச் சேரலைன்னா எங்க ஃபார்வர்டு பிரிஜினுக்க பேர ரெஜிஸ்டர்ல இருந்து வெட்டிருவானுவ. ஈஸ்டர் கப்புல பந்து களிக்க முடியாது. இன்னைக்கு அதுக்குத்தான் நாகர்கோயில் போயிட்டு வாறேன். கிடைச்சுதான்னு கேக்காதீங்க. மொதல்ல இருந்து சொல்லுகேன், அப்பத்தான் ஒரு மேனேஜரு ஒரு குடும்பத்த எப்படிக் கெடுத்தாருன்னு உங்களுக்கு விளங்கும்.

எங்க கடக்கரையில ஏழு ஊருக்கும் சேத்து ஒரு ஈஸ்டர் கப்பு. முன்ன எல்லாம் வாடகைக்கு ஆள் எடுப்போம். திருச்சூரு, கோழிக்கோடுனு வண்டி வச்சுக் கூட்டிட்டு வருவோம். ஒரு வருஷம் ஃபைனல்ல ரெண்டு டீமுலயும் சேத்து உள்ளூர்க்காரன் மூணே மூணு பேரு. மீதி பத்தொம்பது பேரும் வெளியூரான். எங்க கிளப்புக்கு வருமானம்னு பாத்தா சனிக்கிழம ஏலத்துல கிளப்புக்குன்னு ஒதுக்கி வைக்க மீனு ஒண்ணுதான். அத வித்து கோழிக்கோட்டுக்காரனுக்கு பிரியாணி வாங்கிக் குடுத்தோம். அவன் தின்னுட்டு செல்ஃப் கோல் அடிச்சிட்டுப் போனான். அதுக்குப் பொறவு ஏழு ஊரு சாமியார்மாரும் கூடி சட்டம் போட்டாவ. பங்கு குடும்ப ரெஜிஸ்டர்ல பேரு உள்ளவன்தான் அந்த ஊருக்குக் களிக்கணும். சாம்பல் புதனுக்குள்ள பேரு ஏறியிருக்கணும்.

அப்ப ஆள எடுக்கது எப்படின்னு நீங்க கேப்பீங்க. எங்க பக்கம் பொண்ணுக்கு வீடு குடுக்கது வழக்கம். கல்யாணம் முடிஞ்சா மாப்பிள்ளை பொண்ணுக்க ஊருல வந்து தாமசிப்பான், அவனுக்க பேரு எங்க ரெஜிஸ்டர்ல ஏறும். வெளங்குதா? கல்யாணம்தான் டிரான்ஸ்ஃபரு. சாம்பல் புதனோட தவக்காலம் தொடங்கிரும், பொறவு ஈஸ்டர் வரைக்கும் கல்யாணம் கிடையாது. அப்ப கிறிஸ்மஸ் முடிஞ்சதுல இருந்து சாம்பல் புதன் வரைக்கும்தான் எங்களுக்கு சீசன். சிரிக்காதீங்க தம்பி. உங்க இங்கிலாந்துக்காரனும் ஜனவரி மாசந்தானே கடைய தொறக்கான்?

போன வருஷம் ஜனவரி. ஒரு வெள்ளிக்கிழம சாயங்காலம் கமிட்டி கூடிச்சு. கிளப்பு ரூம்ல கேரம் போர்ட கவுத்துப் போட்டு அதுமேல காப்பி. அப்ப எங்க மேனேஜரு டார்வின் சாரு. ஸ்கூல்ல பி.டி. வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவரு எந்திச்சு, “டிஃபன்ஸ் நல்லா வந்திருக்கு, நம்ம பிள்ளைகள வச்சே ரெண்டு வருஷத்துல டீம் கட்டிருவேன்”னாரு.

“பதினோரு வருஷமா கட்டுகோம் சாரே, இன்னும் அஸ்திவாரத்துலதான் நிக்கோம்”னு ஸ்டெலின் சொன்னான். ஸ்டெலின் எங்க செயலாளர். வாய்க்கொழுப்பு பிடிச்சவன், ஆனா கணக்கு சரியா இருக்கும். “எத்தன கோல் வாங்கினோம்? நாலு. எத்தன அடிச்சோம்? ஒண்ணு. நமக்கு வேண்டியது டிஃபன்ஸ் இல்ல, வலியதோப்பு பிரிஜின்.”

பிரிஜின்னு சொன்னதும் எல்லாரும் காப்பி தம்ளர கீழ வச்சிட்டானுவ. நீங்க அவன் இடதுகால்ல அடிச்சுப் பாத்திருக்கணும். ஏழு ஊருல ஒண்ணான வலியதோப்புக்குக் களிச்சு, மூணு வருஷமா எங்க வலையில மட்டும் ஏழு கோல் போட்டவன். கார்னர் கொடிகிட்ட இருந்து பந்த வளச்சு உள்ள போடுவான், எங்க கோலி அங்கேயே முட்டுகுத்தி ஜெபம் சொல்லுவான். அந்த மாதிரி கால்.

“அவனுக்கு இப்பம் பொண்ணு பாக்குகாவ”ன்னான் ஸ்டெலின்.

அவ்வளவுதான். யாரு வீட்டுல பொண்ணு இருக்குனு ஒவ்வொருத்தனா எண்ண ஆரம்பிச்சானுவ. ஒருத்தன் பொண்ணு பதினேழு வயசு. ஒருத்தன் பொண்ணு யாரையோ காதலிக்கா. ஒண்ணு மடத்துல சேரப் போகுது. கடைசில எல்லாரும் என்னப் பாத்தானுவ. நான் எந்திச்சேன். “எனக்க வீட்டுல ஒண்ணு இருக்கு”ன்னேன். கை தட்டினானுவ தம்பி. பதினாலு வருஷத்துல எனக்குக் கை தட்டினது அன்னைக்கு ஒரு நாள்தான். எனக்குக் கண்ணு நிறஞ்சு போச்சு.

டார்வின் சாரு மட்டும் தட்டல. “வின்சி ஜெர்மனிக்குப் போகணும்னுல்லா படிக்கா?”ன்னு கேட்டாரு. பாத்துக்கிடுங்க, அப்பவே குறுக்கச் சாடுகாரு. ஆமா, படிச்சா. நர்சிங் முடிச்சு மார்த்தாண்டத்துல ஒரு ஆஸ்பத்திரில வேல. கூடவே ஜெர்மன் பாஷை. மார்ச்சுல அதுக்கு ஒரு பரீட்சை வேற. “ஜெர்மனி எங்க சாரே ஓடப் போகுது? ஈஸ்டர் முடிஞ்சும் அங்கயேதான் கிடக்கும்”னேன். எல்லாரும் சிரிச்சானுவ. அவருக்கு முகம் இருண்டு போச்சு.

மறுநாள் சனிக்கிழம நானும் ஸ்டெலினும் வலியதோப்புக்குப் போனோம். பிரிஜினுக்க அப்பன் செத்துப் போயிட்டான், அண்ணனும் மதினியும்தான். நான் ஒண்ணும் சுத்தி வளைக்கல. “தம்பி, உனக்கு எனக்க மக, கூட ஒரு வீடு, எங்களுக்கு உனக்க கால்”னேன். சிரிச்சான். நல்ல பல்லு பயலுக்கு. “ஒம்பதாம் நம்பர் சட்ட கிடைக்குமா?”ன்னு கேட்டான். “சட்ட என்ன, ஸ்டாண்டுக்கே உனக்க பேரு எழுதிருவோம்”னான் ஸ்டெலின். எங்களுக்கு ஸ்டாண்டே கிடையாது, அது வேற விஷயம். “ஃப்ரீ கிக்கு எல்லாம் நான்தான் எடுப்பேன்”னான். செரின்னேன். “பூட்ஸ் புதுசு.” செரி. “பயிற்சிக்கு தினமும் வர மாட்டேன்.” அதுக்கும் செரின்னேன். ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு மனப்பாடம் தம்பி. இந்த மாதிரி ஒரு பேச்சு வாழ்க்கைல எத்தன தடவ வரும்?

சீசன் முடிய நாலே வாரம். சாதாரணமா பையனும் பொண்ணும் சாமியாரப் போய்ப் பாத்த பொறவுதான் ஓலை வாசிப்பாவ. ஓலைன்னா தெரியும்லா? நீங்க இந்துவா? செரி. கல்யாணத்துக்கு முன்ன மூணு ஞாயித்துக்கிழம கோயில்ல பூசைல வச்சு வாசிப்பாவ. இன்னாருக்க மகனுக்கும் இன்னாருக்க மகளுக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிஞ்சா பங்குத் தந்தைகிட்ட சொல்லுங்கன்னு. நான் சாமியார்கிட்ட, “பிள்ளைக்கு ஆஸ்பத்திரில டியூட்டி, வாற வாரம் வருவா, நீங்க நாளைக்கே முதல் ஓலைய வாசிச்சிருங்க”ன்னு கெஞ்சிக் கூத்தாடி சம்மதிக்க வச்சேன். அவரும் பந்துகளி பைத்தியந்தான். வாசிச்சாரு.

ரெண்டாவது ஓலையும் ஆச்சு. மூணாவதுக்கு முன்ன வலியதோப்புல இருந்து ரெண்டு பேரு வந்தாவ. ஒண்ணு அவிய கிளப்பு செயலாளர் கிளீட்டஸ். இன்னொண்ணு யாருன்னா பிரிஜினுக்க சொந்த மதினி. தனித்தனியா வந்து தனித்தனியா சொல்லிட்டுப் போனாவ. சாமியாரு என்னக் கூப்பிட்டு விட்டாரு.

“ததேயு, ரெண்டு புகார் வந்திருக்கு. கிளீட்டஸ் சொல்லுகான், பையனுக்கு இடது முட்டில சவ்வு கிழிஞ்சிருக்காம். மதினி சொல்லுகா, குடிச்சா கை நீளுமாம். அண்ணனையே அடிச்சிருக்கானாம். நீ என்ன செய்யப் போற?”

முட்டி போச்சுன்னா எல்லாம் போச்சு. “சாமி, முட்டிய உடனே ஸ்கேன் எடுத்துப் பாக்கோம்”னேன்.

“மத்தது?”

“அது கிடக்கட்டும் சாமி. எந்த ஃபார்வர்டு குடிக்காம இருக்கான்?”

அன்னைக்கே நாகர்கோயில்ல ஸ்கேன் சென்டருக்குக் கொண்டு போனோம். கிளப்புக்க ரெண்டு மாச மீனு காசு அதுக்கே போச்சு. ஸ்டெலினும் நானும் வெளிய இருந்து ஒரு ஜெபமால முழுக்க சொல்லி முடிச்சோம். டாக்டரு ஃபிலிம லைட்ல வச்சு, “சவ்வு நல்லா இருக்கு, இந்த முட்டி இன்னும் பத்து வருஷம் ஓடும்”னாரு. நான் அவருக்க கையப் பிடிச்சு முத்தம் குடுத்தேன். கிளீட்டஸ் பொய் சொல்லியிருக்கான் பாருங்க! ஆளு போயிருவான்னு ஒரு கல்யாணத்தையே தடுக்கப் பாத்தான். மனுசனா அவன்? சீ. அந்த மதினியும் அவன் ஏவிவிட்ட ஆளாத்தான் இருக்கும்னு நான் முடிவு பண்ணிட்டேன்.

கல்யாணம் நடந்துது. ஜே ஜேன்னு. கோயில் வாசல்ல எங்க டீம் பிள்ளைகள் சட்ட போட்டு ரெண்டு வரிசையா நின்னானுவ. பொண்ணும் மாப்பிள்ளையும் வெளிய வரும்போ, “நம்பர் ஒம்பதே!”ன்னு ஊரே கத்திச்சு. வின்சி தலை குனிஞ்சு நடந்தா. கல்யாணப் பொண்ணுன்னா தலை குனிஞ்சுதானே நடப்பா. செவ்வாய்க்கிழம மத்தியானம் பேரு ரெஜிஸ்டர்ல ஏறிட்டு. மறுநாள் சாம்பல் புதன். நெத்தில சாம்பல் வாங்கும்போ எனக்கு சிரிப்பு அடக்க முடியல.

மார்ச்சுல வின்சி அந்த பரீட்சைக்கு சென்னை போகணும்னு சொன்னா. நாலு நாளு. “பயிற்சி நேரம் மக்களே, அவனுக்கு சோறு யாரு பொங்குவா?”ன்னேன். போகல. சொன்னா கேக்க பிள்ளை.

ஈஸ்டர் நெருங்கிச்சு. கால் இறுதில ரெண்டு கோல். அரை இறுதில முப்பது மீட்டர்ல இருந்து ஃப்ரீ கிக்கு, சுவர் மேல ஏறி இறங்கிச்சு பாருங்க, நான் கட்டியிருந்த வேட்டிய அவுத்து சுத்தினேன். உள்ள டவுசர் இருந்துது, பயப்படாதீங்க. ஃபைனல்ல யாரு? வலியதோப்பு. கிளீட்டஸுக்க டீமு. ஈஸ்டர் முடிஞ்சு திங்கக்கிழம.

முந்தின சனிக்கிழம, பெரிய சனி, பய கூட்டுக்காரனுவ கூட சேந்து கொஞ்சம் குடிச்சிருக்கான். ஃபைனல் பதட்டம் யாருக்குத்தான் இருக்காது? வீட்டுல வின்சி என்னவோ கேட்டிருக்கா. அவ படிச்ச ஜெர்மன் புஸ்தகங்கள எல்லாம் தூக்கி முற்றத்துல போட்டிருக்கான். தடுத்திருக்கா. கை நீண்டிருக்கு. ரெண்டு வீடும் ஒட்டினாப்பலதானே, சத்தம் கேட்டு நான் ஓடிப் போனேன். அவ சுவரோட சாஞ்சு இருக்கா, கண்ணுக்குக் கீழ வீங்கியிருக்கு. அவன் கதவ உதைச்சு ஒடைச்சு வச்சிருக்கான். எந்தக் காலால? இடது காலால! எனக்கு உயிரே போயிட்டு தம்பி. அவன உக்கார வச்சு பாதம், கணுக்கால், விரல் ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்தேன். கர்த்தர் கிருபை, ஒரு வீக்கம் இல்ல. ஐஸ் வச்சேன். எனக்க பெண்டாட்டி பிலோமி அந்த ஐஸப் பாத்துக்கிட்டே நின்னா. அன்னைக்குப் பேச்ச நிறுத்தினவ. இன்னைக்கு வரைக்கும் சோறு வைக்கா, குழம்பு ஊத்துகா, பேச மாட்டா. பொம்பளைகளுக்கு விளையாட்டு விளங்காது.

ஈஸ்டர் பூசைக்கு வின்சி முக்காட்ட இழுத்து மூடித்தான் வந்தா. ஆனா டார்வின் சாரு பாத்துட்டாரு.

திங்கக்கிழம ஏழு ஊரும் கூடியிருக்கு. தென்ன மரத்துல எல்லாம் ஆளு. மைக்குல எங்க பதினோரு பேர வாசிக்கான். ஒம்பதாம் நம்பருக்கு யாரோ ஒரு பிளஸ் டூ படிக்க பய. பிரிஜின் பெஞ்சுல. நான் கயித்தத் தாண்டி ஓடினேன்.

“சாரே, இது என்ன கூத்து? காலு நல்லாத்தான் இருக்கு, நானே பாத்தேன்.”

“நான் காலப் பத்தி பேசல ததேயு. அந்தப் பிள்ளைக்கு அஞ்சாங் கிளாஸ்ல இருந்து ஓட்டம் சொல்லிக் குடுத்தவன் நான். அவன நான் எறக்க மாட்டேன்.”

“அது வீட்டு விஷயம் சாரே, இது கிரவுண்டு. நான் அதுக்க அப்பன். எனக்கே ஒண்ணும் இல்ல. உங்களுக்கு என்ன?”

என்ன செஞ்சாருன்னு தெரியுமா? என்ன மேலயும் கீழயும் பாத்தாரு. மணல்ல துப்பினாரு. எங்க கிரவுண்டுல, எனக்க காலுக்கு முன்னால, காறித் துப்பினாரு தம்பி. பதினாலு வருஷம் துணைத்தலைவரா இருந்ததுக்குக் கிடைச்ச மரியாத. நினைச்சா இப்பவும் எனக்கு உடம்பு கூசுது.

ஒண்ணு பூஜ்யம். தோத்தோம். எழுபத்தாறாவது நிமிசம். அந்தப் பிளஸ் டூ பய ரெண்டு தடவ கோலிக்கு முன்னால தனியா நின்னு வெளிய அடிச்சான். பிரிஜினா இருந்தா கண்ண மூடிக்கிட்டு போட்டிருப்பான். ஒரு ஊருக்க பன்னிரண்டு வருஷக் கனவ ஒரு மனுசன் தன்னுடைய யோக்கியத்துக்காக பலி குடுத்துட்டாரு. மேனேஜருக்கு என்ன வேல? ஆள எறக்கணும், ஜெயிக்கணும். ஊரான் வீட்டு அடுக்களைக்குள்ள எட்டிப் பாக்கதா வேல?

நான் விடல. பொதுக்குழு கூட்டினேன். அவர நீக்கினோம். பதினெட்டுக்கு ஆறு. அவரு விசில கழத்தி மேசமேல வச்சிட்டுப் போனாரு. பொறவு லைசென்ஸ் உள்ள ஒரு மேனேஜர கொண்டு வந்தோம். வெள்ளப் பலகைல அம்புக்குறி போடுவான். டிசம்பர்ல மூணு மேட்சு, மூணும் தோல்வி. அம்புக்குறி மட்டும் நல்லா இருந்துது. எனக்கு பலகையத் தூக்கிக் கடல்ல போடலாம்னு வந்துது.

வின்சி ஜூன் மாசம் போயிட்டா. டார்வின் சாருக்க பெண்டாட்டிதான் வந்து கூட்டிட்டுப் போயி நாகர்கோயில்ல ஹாஸ்டல்ல சேத்தாவ. ஏதோ ஆஸ்பத்திரில வேல பாக்கா, ஜெர்மன் படிக்கா. நான் தடுக்கல. கோபம் தணிஞ்சா வருவான்னு விட்டுட்டேன். பிரிஜின் அதே வீட்டுலதான் இருக்கான். வீட்டுல நல்ல மீனு வந்தா மொதல்ல அவனுக்குத்தான். பய குடிக்காதப்ப தங்கமானவன். ஆளு தெளிவா இருக்க நேரம் குறவு, அவ்வளவுதான்.

இப்பம் பாத்து கிளீட்டஸ் மறுபடியும் வாறான். பொண்ணு அந்த ஊருல இல்ல, அப்ப அது குடும்பமே இல்ல, பேர வெட்டுங்கன்னு ஏழு ஊருக்கும் மனு போட்டிருக்கான். சாமியாரு சொன்னாரு, “ததேயு, வின்சி சேந்துதான் தாமசிக்கேன்னு எழுதிக் குடுத்தா போதும், நான் விட்டுருகேன்.” ஒரு கையெழுத்து. கோழி கிறுக்கினா போல ஒரு கையெழுத்து. அதுக்குத்தான் தம்பி நான் காலைலயே கிளம்பினேன்.

ஹாஸ்டல் வராந்தாவுல ரெண்டு பிளாஸ்டிக் சேரு. வந்தா. காப்பி வாங்கித் தந்தா. கொஞ்சம் சத பிடிச்சிருக்கா, முகம் தெளிஞ்சிருக்கு. அந்த பரீட்சையில ஜெயிச்சிட்டாளாம். நான் லெட்டர நீட்டினேன். ரெண்டு தடவ வாசிச்சா. கத்துவான்னு நெனச்சேன். கத்தல. உள்ள போயி வேற ஒரு காயிதத்த எடுத்துட்டு வந்தா. அந்தக் கல்யாணம் செல்லாதுன்னு அறிவிக்கக் கேட்டு பிஷப்புக்க ஆயர் இல்லத்துல மனு குடுத்திருக்காளாம். அதுக்கு சாட்சிக்காரங்க நிரப்ப வேண்டிய கேள்வித்தாளாம். அப்பன்கிற முறைல நான் நிரப்பணுமாம்.

“மொதல்ல இத நிரப்புங்கப்பா. ஒண்ணு விடாம. நிரப்பி முடிச்ச பொறவும் எனக்க கையெழுத்து வேணும்னு தோணிச்சுன்னா லெட்டரக் கொண்டு வாங்க. போட்டுத் தாறேன். நாளைக்கும் நான் இங்கதான் இருப்பேன்”ன்னா.

பாத்தீங்களா, எவ்வளவு லேசா முடிஞ்சு போச்சு! நிரப்பினா கையெழுத்து. இதுக்குப் போயா இத்தன நாளு பயந்தேன்னு நினைச்சுக்கிட்டேன். பஸ் ஸ்டாண்டுலயே இருந்து ஒரு பொடியன்கிட்ட பேனா வாங்கி பத்து கேள்விக்கு எழுதிட்டேன். பேரு, வயசு, உறவு. மாப்பிள்ளைய எத்தன வருஷமா தெரியும். மூணு சீசன்னு எழுதினேன். ஏற்பாடு செய்தது யாரு. கமிட்டி. மாப்பிள்ளையப் பத்தி என்ன விசாரிச்சீங்க. அதுக்கு பக்கத்துல இடம் பத்தல, ஸ்கேன் விவரம் எல்லாம் ஓரத்துல எழுதினேன். அதுக்குள்ள பஸ்சு வந்துட்டு.

பதினொண்ணாவது மட்டும் பாக்கி. பஸ்சு ஓடும்போ கண்ணாடி இல்லாம எழுத்து ஆடுது. நீங்க கொஞ்சம் வாசிங்க பாப்போம்.

‘திருமணத்திற்கு மணமகளின் சம்மதத்தை நீங்கள் கேட்டீர்களா? என்ன வார்த்தைகளில் கேட்டீர்கள்? அவர் என்ன பதில் சொன்னார்?’

இது என்ன கேள்வி? கேட்டேன் தம்பி. கேக்காம இருப்பனா? பெத்த பிள்ளைல்லா. இருங்க, சொல்லுகேன். அந்த சனிக்கிழம, வலியதோப்புல பேசி முடிச்சிட்டு வாறேன். வின்சி கிணத்தடில நின்னு ஆஸ்பத்திரி யூனிஃபார்ம் அலசிட்டு இருந்தா. காதுல ரெண்டு வயர மாட்டிக்கிட்டு பாடம் கேட்டுக்கிட்டு. எனக்கு சந்தோஷம் தாங்கல. முற்றத்துல நின்னே சொன்னேன். “மக்களே, பிரிஜின எடுத்தாச்சு!”ன்னேன். அவ ஒரு வயரக் கழத்திட்டு “யாரப்பா?”ன்னா. “பிரிஜின். வலியதோப்பு பிரிஜின்.” அவ சிரிச்சா. நல்லா நெனவிருக்கு, கை நெறய சோப்பு நுரையோட சிரிச்சா. “கொள்ளாம்ப்பா. இந்த வருஷமாவது ஜெயிங்க”ன்னா. வயரத் திரும்ப மாட்டிக்கிட்டா. நான் உள்ள போயி பிலோமிகிட்ட சொன்னேன், பிள்ளைக்கு பரம சந்தோஷம்னு.

அவ்வளவுதான். வேற ஒண்ணும் பேசல. மறுநாள் ஓலை வாசிச்சாச்சு.

இருங்க.

எடுத்தாச்சுன்னுதானே சொன்னேன். ஆள் எடுத்தாலும் எடுத்தாச்சும்போம். மாப்பிள்ளை எடுத்தாலும் எடுத்தாச்சும்போம். எனக்க வாயில இருந்து வருஷம் பூரா அவ அதத்தான் கேட்டிருக்கா. கோலி எடுத்தாச்சு, பேக்கு எடுத்தாச்சு. தம்பி, அவ டீமுக்குன்னு நெனச்சிருக்கா. டீமுக்கு ஆளு எடுத்ததுக்குத்தான் அந்தப் பிள்ளை சிரிச்சிருக்கு.

அப்ப அவளுக்கு எப்பம் தெரிஞ்சுது? ஞாயித்துக்கிழம. கோயில்ல. பெண்கள் பக்கம் மூணாவது வரிசைல இருந்தா. சாமியாரு ‘ததேயுவின் மகள் வின்சிக்கும்’னு வாசிக்கும்போ நான் திரும்பிப் பாத்தேன். அவ என்னத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. கண்ண எடுக்கல. நான், பிள்ளைக்கு வெக்கம்னு நினைச்சு, தலைய ஆட்டிச் சிரிச்சேன். ஊரு முழுக்க இருக்கும்போ அவ என்ன செய்வா? எந்திச்சு நின்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லுவாளா? முட்டி சரியில்லன்னு வந்து சொல்ல வலியதோப்புக்காரனுக்கு ஒரு வழி இருந்துது. அவளுக்கு எங்க இருந்துது?

வேண்டாம், தண்ணி வேண்டாம். நான் நல்லாத்தான் இருக்கேன்.

எனக்கு இப்பம் எனக்கே அருவருப்பா இருக்கு தம்பி. டார்வின் சாரு மணல்ல துப்பினது எதுக்குன்னு இந்த ஒரு வருஷமும் ஊரெல்லாம் கேட்டுக்கிட்டுத் திரிஞ்சேன் பாருங்க.

உங்ககிட்ட பேனா இருக்கா? தாங்க. லெட்டரு இனி எதுக்கு, அது கிடக்கட்டும். பேர வெட்டினா வெட்டட்டும்.

‘பிரிஜினை எடுத்தாச்சு என்றேன். அவளிடம் கேட்கவில்லை.’ எழுதியாச்சு. நாலு வரி இடம் விட்டிருக்கான் இதுக்கு. எனக்கு ஒரு வரி கூட நெறயல. இந்தாங்க பேனா.